புதுச்சேரிக்கு வந்த மர்ம மனிதர்

1910ஆம் ஆண்டு.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். உடை முஸ்லிம் உடை. முகத்தில் தாடி. கூட வந்தவர் யாரும் இல்லை.

ஆனால், அவர் முஸ்லிம் அல்ல. திருச்சியைச் சேர்ந்த வரகனேரியில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். வக்கீல் தொழில் படித்தவர். லண்டனிலும் பாரிசிலும் வாழ்ந்தவர். அப்போது அவருக்கு வயது 29. அவரைப் பிடிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரப் போலீசார் இரண்டு கண்டங்களில் வலை விரித்துக் காத்திருந்தார்கள்.

அவர்தான் வ.வே.சு. ஐயர். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்பது முழுப் பெயர்.

ஒரு தெருவுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? எந்த ஊர், என்ன தொழில், எதற்காக இங்கே வந்தார் என்று அறிய ஆசைப்படுவார்கள். அது உலக இயல்பு. ஆனால், ஐயரின் பழைய கதையை அறிய முயன்ற பக்கத்து வீட்டுக்காரர்களில் சிலர் சாதாரண மனிதர்கள் அல்லர். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, வாடகைக்கு வீடு பிடித்து, கண்ணைக் கொட்டாமல் காத்திருந்த துப்பறியும் போலீசார்!

வக்கீல் புரட்சிக்காரர் ஆனார்

ஐயர் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி பிறந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். படிப்பில் புலி. வக்கீல் பரீட்சையில் தேறித் திருச்சியில் தொழில் நடத்தினார். பிறகு ரங்கூன் சென்றார். பாரிஸ்டர் ஆக வேண்டும் என்ற ஆசை எழுந்தது. 1907ல் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தார். லிங்கன்ஸ் இன் என்ற சட்டக் கழகத்தில் சேர்ந்தார்.

நல்ல வருமானம், பெரிய பங்களா, கோச்சு வண்டி என்று வாழ்ந்திருக்க வேண்டியவர். லண்டனில் அவர் போய்ச் சேர்ந்த இடம் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

அந்த இடத்துக்கு இந்தியா ஹவுஸ் என்று பெயர். இந்திய மாணவர்கள் தங்குவதற்காக சியாம்ஜி கிருஷ்ண வர்மா என்பவர் ஏற்படுத்திய விடுதி அது. அங்கே தங்கியிருந்த வீர சாவர்க்கரோடு ஐயருக்கு நட்பு உண்டாயிற்று. நாட்டின் விடுதலைக்கு ஆயுதம் ஏந்துவதே வழி என்று அவர்கள் நம்பினார்கள். சாவர்க்கரின் வலக்கரம் போல ஐயர் விளங்கினார். திருச்சிக்காரரான டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் அந்த வட்டத்தில் இருந்தார்.

1909ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, மதன்லால் திங்ரா என்ற மாணவர் கர்சன் வைலி என்ற ஆங்கில அதிகாரியை லண்டனில் சுட்டுக் கொன்றார். இந்தியா ஹவுசோடு தொடர்புள்ள அத்தனை பேர் மீதும் போலீசாரின் கண் விழுந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் விஜயதசமி விருந்து ஒன்று நடத்தினார்கள். சமையல் வேலைகளை இளைஞர்களே பார்த்தார்கள். மெலிந்த உருவமுள்ள ஒருவர் முன்னதாகவே வந்து, தாமும் பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிட்டார். அவர் யார் என்று முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது இளைஞர்கள் வெட்கிப் போனார்கள். அன்றைய விருந்துக்குத் தலைமை வகிக்க அழைக்கப்பட்டிருந்த காந்திதான் அவர்! ஐயரின் வழியும் காந்தியின் வழியும் அன்று வேறு வேறு. பின்னாளில் அதே காந்தியின் வழிக்கு ஐயர் வரப்போகிறார்.

தப்பினார் ஐயர்

1910 மார்ச்சில் சாவர்க்கர் லண்டனில் கைது செய்யப்பட்டார். அடுத்தபடி தம்மையும் பிடிப்பார்கள் என்பது ஐயருக்குத் தெரியும். பாரிஸ்டர் பட்டத்தைப் பெறாமலே லண்டனை விட்டுக் கிளம்பிவிட்டார்.

தப்பிய விதம் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. ஐயர் சீக்கியரைப் போல வேடம் பூண்டிருந்தாராம். அவருடைய பெட்டியில் வி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துகள் இருந்தன. அதைக் கவனித்த துப்பறியும் அதிகாரி ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. ஐயர் பெயருக்கு வந்த தந்தி ஒன்றை அவரிடமே நீட்டினார். கையை நீட்டி வாங்கியிருந்தால் அதோடு தீர்ந்தது! ஐயர் மேல்விலாசத்தைப் பார்த்தார். இது வேறு யாருக்கோ வந்த தந்தி என்று அமைதியாகச் சொன்னார். தம் பெயர் வீர விக்கிரம சிங் என்றார். அந்தப் பெயருக்கும் அதே மூன்று எழுத்துகள்தானே! அதிகாரி வாயடைத்துப் போனார்.

அந்த ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, சாவர்க்கரை ஏற்றிக்கொண்டு இந்தியா புறப்பட்ட கப்பல் பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் நின்றது. சாவர்க்கர் கடலில் குதித்து நீந்திக் கரையேறினார். அவரை அழைத்துக்கொண்டு போக ஐயரும் காமா அம்மையாரும் பாரிசிலிருந்து விரைந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சாவர்க்கர் மறுபடி பிடிபட்டுவிட்டார். அந்த ஏமாற்றம் ஐயரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பிறகு பாரிசையும் விட்டார். ரோம் வழியாகப் பயணம் செய்து, வேடம் கலையாமலே புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

ஏன் புதுச்சேரி?

புதுச்சேரியைச் சுற்றிலும் வெள்ளைக்காரர் ஆட்சி. எல்லைக்கு உள்ளே பிரெஞ்சு ஆட்சி. எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆங்கிலப் போலீசார் கை வைக்க முடியாது. அதனால் தேசபக்தர்கள் பலர் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். 1908லேயே மகாகவி பாரதியார் வந்துவிட்டார். மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் இருந்தார். 1910 ஏப்ரல் 4ஆம் தேதி அரவிந்தரும் கல்கத்தாவிலிருந்து வேறு பெயரில் கப்பலேறி வந்து சேர்ந்தார். கலவை சங்கரச் செட்டியார் என்ற வணிகர் தம் வீட்டு மேல்மாடியில் அவருக்கு இடம் கொடுத்தார். சுமார் ஆறு மாதம் அரவிந்தர் அங்கே வெளியுலகுக்குத் தெரியாமல் தங்கியிருந்தார்.

ஐயர் அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஆனார். மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் வந்து சேர்ந்தார். புதுச்சேரியில் குடித்தனம் தொடங்கிற்று. தாடி மட்டும் போகவில்லை. வேடத்துக்காக வளர்ந்த தாடி கடைசி வரை அவர் முகத்தில் நிலைத்துவிட்டது.

நாலா புறமும் ஒற்றர்கள்! ரயிலடியில் ஆள். தெருமுனையில் ஆள். எதிர்வீட்டில் ஆள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குறிப்பு எடுத்தார்கள். தபாலில் வந்த கடிதங்கள் வழியிலேயே பிரித்துப் படிக்கப்பட்டன.

நகரத்துக்கு வெளியே தோப்பும் வயலுமான ஊர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று கருவடிக்குப்பம். இன்று அது உழவர்கரை நகராட்சியில் அடங்கியிருக்கிறது. அங்குள்ள மாந்தோப்பும் சித்தானந்த சுவாமி கோயிலும் பாரதியாருக்கு மிகவும் பிடித்த இடங்கள். ஊர்க் கண்ணுக்கு எட்டாத அந்தப் பக்கத்தில்தான் ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார் என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

ஐந்து கையெழுத்துகள்

ஆங்கில சர்க்கார் பிரெஞ்சு சர்க்காரை ஓயாமல் நெருக்கிக்கொண்டே இருந்தது. 1911ல் ஒரு புதிய சட்டம் வந்தது. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்கள் நல்லவர்கள் என்று புதுச்சேரிப் பிரமுகர்கள் ஐந்து பேர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் ஊரை விட்டு வெளியேற வேண்டும்.

வெளியேறுவது என்றால் என்ன பொருள்? எல்லையில் ஒரு காலை வைத்தால் போதும், கையில் விலங்கு விழும்.

கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் அது விளையாட்டுக் காரியம் அல்ல. அந்த வணிகர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் பிரெஞ்சு சர்க்காரின் தயவு வேண்டும். ஆங்கில எல்லைக்குள் கொடுக்கல் வாங்கலும் இருக்கும். துரத்தப்பட்டு வந்த ஒருவனுக்காகத் தன் பெயரைக் கொடுக்க யார் முன்வருவார்கள்?

முன்வந்தார்கள்! கலவை சங்கரச் செட்டியார் தாமும் கையெழுத்திட்டார். மற்றவர்களையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். ஐந்து கையெழுத்துகள் சேர்ந்தன. தேசபக்தர்களின் தலைக்கு மேல் தொங்கிய கத்தி விலகிற்று.

வந்தவர்களின் பழைய கதை முழுவதும் அந்த ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் கண் முன்னால் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரியும். அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மணியாச்சியில் வெடித்த குண்டு

1911 ஜூன் 17ஆம் தேதி. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரை மணியாச்சி ரயில் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வாஞ்சிநாதன். அதே இடத்தில் அவர் தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார்.

வாஞ்சி அதற்குச் சில மாதங்கள் முன்பு புதுச்சேரிக்கு வந்து ஐயரைச் சந்தித்துவிட்டுச் சென்றவர். அது போலீசாருக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், பிடி இறுகிற்று. ஐயர் மீதும் நண்பர்கள் மீதும் வாரண்டுகள் பிறந்தன. பிடித்துக் கொடுப்போருக்குப் பரிசு என்ற அறிவிப்பும் வந்தது. ஒற்றர்களின் எண்ணிக்கை பெருகிற்று.

ஆனால், பிரெஞ்சு மண்ணில் வைத்துப் பிடிக்க வேண்டுமானால் பிரெஞ்சு சட்டப்படி குற்றம் வேண்டும். குற்றம் செய்யாதவர்கள் மீது எப்படிக் குற்றம் சுமத்துவது? அதற்கும் ஒரு சூழ்ச்சி தயாராயிற்று.

கிணற்றில் என்ன?

ஒரு நாள் ஐயர் வீட்டு வேலைக்காரப் பெண் கிணற்றில் தண்ணீர் சேந்தினாள். கயிறு கனத்தது. மேலே வந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டாள். தண்ணீரோடு வாய் மூடிய பாத்திரம் ஒன்று வந்திருந்தது!

அவள் அதை ஒளிக்கவில்லை. தெருவில் போய்ச் சொல்லவும் இல்லை. நேரே வீட்டாரிடம் கொடுத்தாள்.

திறந்து பார்த்தார்கள். உள்ளே ராஜத்துரோகப் பத்திரிகைகள், புரட்சிக் காகிதங்கள், காளியின் படம்! சில ஆங்கிலத்தில், சில வங்காள மொழியில். ஐயருக்கு உடனே விளங்கிற்று. இதை யாரோ வேண்டுமென்றே இரவோடு இரவாகக் கிணற்றில் போட்டிருக்கிறார்கள். நாளைக்குச் சோதனை போடப் போலீஸ் வரும். கிணற்றில் தேடும். பாத்திரத்தை எடுக்கும். பிறகு புதுச்சேரியில் இருக்க முடியுமா?

எரித்துவிடலாமா? அப்படிச் செய்தால் மறைத்த குற்றம் சேரும். மறுபடி கிணற்றிலேயே போட்டுவிடலாமா? அது தற்கொலை. ஐயர் பாரதியாரோடு கலந்தார். அரவிந்தரிடமும் யோசனை கேட்கப்பட்டது. ஒரே வழிதான் நல்ல வழி என்று முடிவாயிற்று. பிரெஞ்சுப் போலீசாருக்கு நாமே சொல்லி, வந்து எடுத்துக்கொண்டு போகச் செய்வோம் என்று தீர்மானித்தார்கள். அப்படியே செய்தார்கள்.

அதற்குப் பின்னும் ஒற்றன் ஒருவன் புகார் கொடுத்தான். அரவிந்தரும் அவருடைய நண்பர்களும் சதி செய்கிறார்கள், அவர்கள் வீடுகளில் இத்தகைய காகிதங்கள் இருக்கின்றன என்றான். நாந்தோ என்ற பிரெஞ்சு விசாரணை நீதிபதி, போலீஸ் அதிகாரிகளோடு அரவிந்தரின் வீட்டுக்கு வந்தார். பெட்டிகளைத் திறந்தார். மேஜையைத் துழாவினார். வெடிகுண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கிடைத்தவை புத்தகங்களும் காகிதங்களும்தான். கிரேக்கமும் லத்தீனும் கற்ற ஒருவரின் வீடு அது என்று கண்டு நீதிபதி வியந்து போனார். தேடுவதை நிறுத்தினார். பகைவராக வந்தவர் மதிப்போடு விடைபெற்றார்.

பொய்ப் புகார் கொடுத்தவன் கதி? தன் மேல் வழக்கு வரும் என்று பயந்து ஆங்கில எல்லைக்குள் ஓடிவிட்டான்!

துப்பறிந்தவன் பட்ட பாடு

அரவிந்தரின் வீட்டில் நடந்த வேடிக்கை ஒன்றும் உண்டு. வங்காளத்திலிருந்து வந்த ஒருவன் அங்கே வேலைக்காரனாக இருந்தான். எல்லாரோடும் உண்டான், உறங்கினான். அவன் தலையை மொட்டை அடித்திருந்தான். ஒருவரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

ஒரு நாள் வீட்டிலிருந்த இளைஞர் ஒருவர் தாமும் மொட்டை அடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வேலைக்காரன் பதறினான். வேண்டாம் என்று கெஞ்சினான். இளைஞர் கேட்கவில்லை. மொட்டையும் அடித்துக்கொண்டார்.

வேலைக்காரனுக்குக் கை கால் நடுங்கிற்று. காரணம், அவன் ஒரு துப்பாள். அவனுக்குப் பதிலாக வரவிருந்த வேறொரு துப்பாள் அவனை அடையாளம் கண்டுகொள்வதற்கே அந்த மொட்டை! தன் ரகசியம் தெரிந்துதான் இளைஞரும் மொட்டை அடித்துக்கொண்டார் என்று நினைத்துவிட்டான். உண்மையைத் தானே கக்கினான். வாங்கிய பணத்தை அரவிந்தரின் காலடியில் வைத்து அழுதான்.

மற்றவர்களின் மர்மத்தை அறிய வந்தவனின் மர்மம் இப்படி அம்பலமாயிற்று!

ஒளிந்திருந்தவர் செய்த வேலை

பரிசுத் தொகை விதிக்கப்பட்ட அந்த மனிதர், வீட்டுக்குள் என்னதான் செய்துகொண்டிருந்தார்? ஒற்றர்களுக்குத் தெரியாமல் போன பெரிய ரகசியம் அதுதான்.

எழுதிக்கொண்டிருந்தார்!

1914ல் முதல் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் 22ஆம் தேதி ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசிற்று. போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே கட்சி. புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களை ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. போனால் திரும்பி வருவோமா என்பது நிச்சயம் இல்லை. போவதற்குள் தமிழுக்கு ஒரு நிலையான தொண்டு செய்துவிட வேண்டும் என்று ஐயர் துடித்தார். திருக்குறளின் 1,330 குறள்களையும் ஆங்கிலத்தில் பெயர்க்க உட்கார்ந்தார். சில மாதங்களில் முடித்தார். நல்லவேளையாக அல்ஜீரியப் பயணம் நடக்கவில்லை. 1916ல் புத்தகம் வெளிவந்தது.

கம்ப நிலையம் என்ற பெயரில் புத்தகங்கள் வெளியிட்டார். நெப்போலியன், கரிபால்டி ஆகியோரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். சிறுகதைகளும் எழுதினார். அவற்றில் குளத்தங்கரை அரசமரம் பெயர் பெற்றது. சிறு வயதில் கலியாணமாகி வாழ்விழந்த ருக்மிணி என்ற பெண்ணின் துயரத்தை ஓர் அரசமரமே சொல்வது போல் அமைந்த கதை அது. தமிழ்ச் சிறுகதையின் தந்தை என்று ஐயரைப் பலர் போற்றுவதற்கு அதுவே காரணம்.

கடைசிப் பயணம்

போர் முடிந்தது. வழக்குகள் விலகின. பத்தாண்டு ஒளிவு வாழ்க்கைக்குப் பின் 1920ல் ஐயர் புதுச்சேரியை விட்டார். துப்பாக்கிப் பாதையையும் விட்டார். காந்தியின் அகிம்சைப் பாதையில் நம்பிக்கை கொண்டார். தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். அதில் வந்த ஒரு கட்டுரைக்காக 1921ல் தண்டிக்கப்பட்டுப் பெல்லாரிச் சிறையில் அடைபட்டார். சிறையிலும் பேனா ஓயவில்லை. கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

பிறகு திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். அங்கே பெரிய சச்சரவு மூண்டது. பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காக இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் இந்த வேற்றுமை கூடாது என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. ராமசாமியும் எதிர்த்தார்கள். தமிழ்நாடே இரண்டுபட்டது. வெள்ளைக்காரனுக்கு அஞ்சாத ஐயர், அந்த இரண்டு இலைகளை மற்ற இலைகளோடு சேர்த்துப் போடத் துணியவில்லை. அவர் வாழ்வில் விழுந்த கறை அது. முடிவில் 1925ல் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதே ஆண்டு ஜூன் மாதத் தொடக்கம். ஐயர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாபநாசம் அருவிக்குச் சென்றார். மகள் சுபத்திரையும் கூட இருந்தாள். நீரோட்டத்தைத் தாண்டும்போது சுபத்திரை தவறி விழுந்தாள். வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. ஐயர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. குதித்தார். மகளும் மீளவில்லை. தந்தையும் மீளவில்லை. அப்போது ஐயருக்கு வயது 44தான்.

லண்டன் போலீசாரால் பிடிக்க முடியாதவரை, கடல் கடந்து வந்தவரை, ஒற்றர்களின் நடுவே பத்தாண்டு வாழ்ந்தவரைப் பொருநையாற்று வெள்ளம் பிடித்துக்கொண்டது.

பரிசுக்கு ஆசைப்பட்டு அவரைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவருக்காகக் கையெழுத்திட்டவர்களும் இருந்தார்கள். அவர்களோடு இன்னொருத்தியையும் சேர்க்க வேண்டும். வரலாற்றில் அவள் பெயர் இல்லை. கிணற்றடியில் கிடைத்ததை நேரே கொண்டுவந்து வீட்டாரிடம் கொடுத்தாளே, அந்த வேலைக்காரப் பெண். அன்று அவள் வேறு விதமாக நடந்திருந்தால், ஐயர் ஆங்கிலத்தில் தந்த திருக்குறளும் இல்லை, அரசமரம் சொன்ன ருக்மிணியின் கதையும் இல்லை.